தட்டிகளில் முண்டியடிக்கும் முகங்கள்

சாலையோரம் நிற்கும் கட்சி ஃப்ளெக்ஸ் பேனரில் முதலில் கண்ணில் படுவது தலைவரின் முகம். அடுத்து எங்கே பார்ப்பது? அங்கேதான் கண் திண்டாடுகிறது. மாவட்டம், ஒன்றியம், வட்டம் என்று செயலாளர்கள். அவர்களுக்கும் கீழே வரிசை வரிசையாகப் பாஸ்போர்ட் அளவுப் படங்கள். கூட்டம் என்றைக்கு, எந்தத் திடலில் என்பது அடி ஓரத்தில் ஒற்றை வரியாக ஒடுங்கிக் கிடக்கும்.

கையால் வரைந்த பேனர்களும் கட் அவுட்டுகளும் சென்னைத் தெருக்களை ஆண்ட காலத்தில் கதை வேறு. ஓவியர் சிறு புகைப்படத்தின் மேல் கட்டம் போட்டு, அதே கட்டங்களைத் துணியில் பெரிதாக்கி முகத்தைக் கொண்டுவருவார். ஒரு முகம் கூடினால் உழைப்பு கூடும், பெயின்ட் கூடும், நாளும் கூடும். எதைப் பெரிதாக்குவது, யாரை விடுவது என்பதில் பாதியை இந்தச் செலவே தீர்மானித்துவிடும். மீதி ஓவியரின் கைவண்ணம். கன்னத்தின் ஒரு பக்கம் நீலமோ பச்சையோ அடர்ந்து இறங்க, தெருமுனையிலிருந்தே முகம் தனித்து நிற்கும்.

2000-களில் பெரிய இங்க்ஜெட் எந்திரங்கள் சிறு நகரங்கள் வரை வந்துவிட்டன. அச்சுக்கூலி சதுர அடிக் கணக்கு. 10-க்கு 8 அடி என்றால் 80 சதுர அடி. அதில் ஒரு முகம் இருந்தாலும் நாற்பது இருந்தாலும் கூலி ஒன்றுதான். போட்டோஷாப்பில் ஒரு முகம் என்பது இன்னொரு லேயர், அவ்வளவே. வண்ணச் சரிவு, ஒளிவட்டம், எழுத்துக்கு மூன்று சுற்று அவுட்லைன் ஆகியவற்றைத்தான் விமர்சகர்கள் திட்டுகிறார்கள். ஆனால் ஆணிவேர் அந்த விலைக்கணக்கு. இன்னொரு முகத்துக்குத் தனிச் செலவில்லை என்றான பிறகு, "என் படம் ஏன் இல்லை?" என்ற கேள்விக்குச் சொல்லப் பதில் கிடையாது. எல்லாரையும் சேர்த்தாக வேண்டும். நெரிசலில் ஒவ்வொருவரும் தெரிய ஆளுக்கொரு வெள்ளை விளிம்பு வேண்டும். விளிம்புகள் கூடக்கூட நெரிசலும் கூடுகிறது.

இதை ரசனைக் கேடு என்று ஒதுக்குவது எளிது; அது அரைகுறை வாசிப்பு. கட்சிக்காரர் அதே பேனரை வரி பிசகாமல் படிப்பார். யார் படம் ஒரு சுற்றுப் பெரிதாயிற்று, யார் தலைவரின் தோளருகே நகர்ந்தார், யாரைக் காணவில்லை என்பதெல்லாம் அவருக்குச் செய்தி. ஆக, எது முதலில் கண்ணில் பட வேண்டும் என்ற முதன்மை வரிசை மறைந்துவிடவில்லை. வழிப்போக்கனின் கண்ணுக்காக இருந்தது பதவிப் படிநிலைக்காக என்று ஆகியிருக்கிறது. வடிவமைப்பாளருக்கு அதில் முடிவெடுக்கும் உரிமை இல்லை. வாட்ஸப்பில் வந்து விழும் படங்களையும் பட்டியலையும் அடுக்கித் தருவதே அவர் வேலை.

இந்த மாற்றத்தில் ஒரு வரவும் உண்டு. அதைக் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஓவியரை அமர்த்த வசதியில்லாத குடும்பங்களும் இன்று மஞ்சள் நீராட்டு விழாவுக்குத் தங்கள் வீட்டுப் பெண்ணின் முகத்தை ஆளுயரத்தில் தெருவில் நிறுத்துகின்றன. நட்சத்திரங்களுக்கும் தலைவர்களுக்கும் மட்டுமே வாய்த்த அளவு அது. இதில் இழந்தவர்கள் பேனர் ஓவியர்கள். அவர்களின் பிழைப்பைக் கணினி சில ஆண்டுகளிலேயே பறித்தது. அவர்கள் கற்றிருந்த தேர்வும் விலக்கலும் டெம்ப்ளேட்டுகளுக்குள் வந்து சேரவில்லை.

2017 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம், உயிரோடிருப்பவர்களின் படங்கள் பேனர்களில் இடம்பெறக் கூடாது என்று உத்தரவிட்டது. நடைமுறையில் அது நிலைக்கவில்லை. நிலைத்திருந்தால் தமிழ்நாட்டு வடிவமைப்புக்கு விதிக்கப்பட்ட மிகக் கண்டிப்பான இலக்கணமாக அது இருந்திருக்கும்!

குறை கருவியில் இருக்கிறதா, கேட்பவரிடமா என்று அறியக் கண்ணீர் அஞ்சலி பேனரைப் பார்க்கலாம். அதே கடை, அதே மென்பொருள், பல நேரம் அதே வடிவமைப்பாளர். நடுவில் ஒரே முகம், கீழே பெயர், பிறப்பு, மறைவு. நகரும் பேருந்திலிருந்தே படித்துவிட முடிகிறது. ஆனால் இப்போது அதன் அடியிலும் 'வருந்தும் நண்பர்கள்' என்று படங்கள் முளைக்கத் தொடங்கியிருக்கின்றன.