இடுப்பளவு நீரில் பாய்மரம்

படகு தரைதட்டும்போது சத்தம் வராது. வழுக்கிக்கொண்டு போவது, பின்னாலிருந்து யாரோ முந்தானையைப் பிடித்து இழுத்த மாதிரி ஒரு நொடி தயங்கும். அப்புறம் நின்றுவிடும். பாய் மட்டும் காற்றை வாங்கிப் புடைத்துக்கொண்டே இருக்கும். சான்பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே சான் பாப்லோ விரிகுடாவில், ஒரு ஜூன் மாத முற்பகலில் எங்கள் படகு அப்படித்தான் நின்றது. கப்பல் வாய்க்காலின் மிதவையைச் சுற்றிப் போகாமல் நான் குறுக்கே வெட்டியிருந்தேன். தண்ணீர் வற்றிக்கொண்டிருந்த நேரம் வேறு.

வேதாரண்யத்திலிருந்து வந்திருந்த அம்மா, புடவைக்கு மேல் லைஃப் ஜாக்கெட்டோடு ஓரமாக எட்டிப் பார்த்தார்கள். "இடுப்பளவுதாம்ப்பா தண்ணி. எறங்கித் தள்ளிவுடலாமா?" இறங்க முடியாது. கால் வைத்தால் உள்ளே வாங்கிக்கொள்ளும் சேறு அது. ஐந்து பேரும் ஒரே பக்கமாகப் போய்ச் சாய்ந்தோம். படகு ஒருக்களித்தால் அடிப்பாகம் கொஞ்சம் மேலெழும். சில சமயம் அதுவே போதும். அன்றைக்குப் போதவில்லை. பாயை இறக்கி, நங்கூரம் போட்டு, புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தோம்.

அந்த மூன்று மணி நேரத்தை என் பிள்ளைகள் இன்னும் பேசுகிறார்கள். நீர் இறங்க இறங்கத் தூரத்தில் சேற்றுத்திட்டு முதுகு காட்டியது. நீளமூக்குப் பறவைகள் வந்திறங்கின. நாங்கள் சாய்வாய் உட்கார்ந்திருந்தோம், தண்ணீர்ச் செம்பு உருண்டு போனது. பிறகு ஓதம் திரும்பியது. நுரையும் சருகுமாக ஒரு மெல்லிய கோடு எங்களை நோக்கி ஊர்ந்து வந்ததை மகள்தான் முதலில் பார்த்தாள். ஒரு மணி நேரம் கழித்து, தூங்கும் பிள்ளை புரண்டு படுப்பதுபோல் படகு அசைந்து நிமிர்ந்தது.

பாய்மரம் பழக ஆழ்கடல் வேண்டும் என்று நினைப்பவர்கள் அதிகம். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு ஆழமில்லாத நீரே நல்ல ஆசான் என்பது என் தீர்மானமான எண்ணம். ஆழ்கடலில் காற்றைப் பார்த்துக்கொண்டால் நெடுநேரம் போதும். இங்கே காற்று, ஓதம், அடிமண் மூன்றையும் நொடிக்கு நொடி சேர்த்துப் படிக்க வேண்டும். தப்பாகப் படித்தால் தண்டனை சேறு, பாறை இல்லை. பிள்ளை கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் எது?

இந்த விரிகுடா அதற்கென்றே வாய்த்தது. கோல்டன் கேட் பாலத்தடியில் ஆழம் 100 மீட்டருக்கு மேல். உள்ளே வந்துவிட்டால் பெரும்பகுதி 6 மீட்டர்கூடத் தேறாது. எங்களைப் பிடித்து வைத்த சேற்றுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1850-களிலிருந்து தங்கம் தேடியவர்கள் பெரும் நீர்ப்பீச்சிகளால் சியரா நெவாடா மலைச்சரிவுகளைக் கரைத்தார்கள். கரைந்த மண் ஆறுகளில் இறங்கி வந்து வயலை மூடியது, வெள்ளத்தை உயர்த்தியது. உழவர்கள் வழக்குப் போட்டார்கள். 1884-இல் நீதிமன்றம் தடுத்தது. அதற்குள் சான் பாப்லோ, சுசூன் விரிகுடாக்களின் தரை மேடிட்டுவிட்டது. அந்த மண் எவ்வளவு, எங்கெங்கே போனது என்று நிலவியலாளர் கில்பர்ட் கணக்கெடுத்து 1917-இல் எழுதினார். நாங்கள் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டது கரைந்த மலையின் மேல்.

படகைப் பற்றிச் சொல்ல வேண்டும். நோர்டிக் ஃபோக்போட். 'மக்கள் படகு' என்று அர்த்தம். சாதாரணக் குடும்பம் வாங்கக்கூடிய, அலைக்கு அஞ்சாத படகு வேண்டும் என்று ஸ்காண்டிநேவியாவில் ஒரு போட்டி வைத்தார்கள். முதல் பரிசுக்கு எதுவும் தேறவில்லை. வந்தவற்றில் நல்ல அம்சங்களைக் கோத்து டோர்ட் சுண்டேன் வரைந்து முடிக்க, 1942-இல் முதல் படகு நீரில் இறங்கியது. நீளம் ஏழரை மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். எடை ஏறக்குறைய இரண்டு டன், அதில் பாதிக்கு மேல் அடியில் கட்டிய இரும்பு. நம் ஓடாவிகள் ஏரா என்று சொல்லும் அடிமரம் இதில் நீண்டு, நீருக்குள் 1.2 மீட்டர் இறங்கியிருக்கும். பலகை மேல் பலகை படிந்த பழைய கட்டுமானம். எங்களுடையது ஃபைபரில் வார்த்தது, மூன்றாம் கை மாறி வந்தது. ஆனாலும் அச்சு அந்தப் பலகை வரிகளை அப்படியே வைத்திருக்கிறது. அலை வந்து மோதும்போது அந்த வரிகளில் ஒரு சலசலப்புக் கேட்கும். வழவழப்பான உடம்புள்ள படகுகளுக்கு அந்தக் குரல் கிடையாது. உள்ளறையில் நிமிர்ந்து நிற்க முடியாது, அதற்காக நான் வருந்தியதும் இல்லை. எல்லோரையும் மேல்தட்டில் இருக்க வைப்பதற்கு அதைவிட நல்ல வழி இல்லை.

முன்பாயின் இரு பக்கமும் சாண் நீளத்துக்குச் சிவப்புக் கம்பளி இழை ஒட்டியிருக்கும். பாய் சரியாக நின்றால் இரண்டு இழையும் பின்னோக்கி நேராகப் பறக்கும். காற்று வரும் பக்கத்து இழை துள்ளினால் கயிற்றை இழுக்க வேண்டும், அல்லது படகின் முகத்தைக் காற்றிலிருந்து கொஞ்சம் விலக்க வேண்டும். மறுபக்கத்து இழை தொங்கினால் இழுத்தது அதிகம். அந்தக் கயிற்றை நம் கடற்கரையில் தாமான் என்பார்கள். மகளுக்குப் பன்னிரண்டு வயது. கை சிவக்க இறுக்கிப் பிடித்திருந்தாள். நான் சொல்லிக்கொடுத்தது எதுவும் ஏறவில்லை. அம்மாதான் சொன்னார்கள்: "மூக்கணாங்கயிறு மாரிப் புடி. இழுத்துக்கிட்டே இருந்தா மொரண்டும். வுட்டா ஓடிரும்." மகள் மாட்டுக்கயிறு பிடித்தவளில்லை. ஆனால் அப்பாயியின் கை அவள் கைமேல் இருந்தது. இரண்டு விரல் நெகிழ்ந்தது, இழை இரண்டும் நேராயின. படகு அரை முழம் சாய்ந்து வேகமெடுத்தது.

காரில் போனால் பிள்ளைகள் பின்னிருக்கையில் சுமை. இந்தப் படகில் ஒன்பது வயது மகனின் எடைகூடக் கணக்கு. அவன் எந்தப் பக்கம் உட்காருகிறான் என்பதில் படகின் சாய்வு மாறும். சுக்கான் பெரும்பாலும் என் மனைவியிடம். எங்களில் அவள் கைதான் தேர்ந்த கை. குறைந்த அசைவில் நிறையச் சாதிப்பாள்.

இங்கே கோடையில் காற்றுக்குப் பஞ்சமே இல்லை. உள்நாட்டுச் சமவெளி வெயிலில் காய்ந்து, சூடான காற்று மேலே ஏறும். அந்த இடத்தை நிரப்பப் பசிபிக்கின் குளிர்காற்று கோல்டன் கேட் என்ற ஒரே இடுக்கு வழியாக நுழைந்து, ஆற்று வழியே கிழக்கே ஓடும். பிற்பகலில் மணிக்கு 20 கடல்மைல் தாண்டுவது சாதாரணம். உள்ளூர்க்காரர்கள் இதை டெல்டா பிரீஸ் என்பார்கள். மேற்கே கம்பளிச்சட்டை போட்டுக் கிளம்பி, மறுநாள் கிழக்கே 38 டிகிரி வெயிலில் தண்ணீரில் குதிக்கலாம்.

ஓதத்தின் கணக்கு இன்னும் நுட்பமானது. நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒன்றின் உயரம் மற்றதற்கு இராது. பாலத்தடியில் ஏற்றம் தொடங்கிச் சில மணி நேரம் கழித்தே அது ஆற்றுக்குள் போய்ச் சேரும். ஆகவே ஏற்றம் தொடங்கும்போது கிளம்பினால், அது முன்னே போக நாம் பின்னே போக, கரையில் நிற்பவனுக்குக் கிடைப்பதைவிட நெடுநேரம் அது நம்மைச் சுமக்கும். நாலரை மைல் வேகத்தில் போகும் படகுக்கு அது எவ்வளவு பெரிய கொடை! அட்டவணையை விரித்து இந்தக் கணக்கைப் போடும் முந்தின இரவே எனக்குப் பயணம் தொடங்கிவிடும்.

கிழக்கே போகிற வழியில், கார்கினஸ் நீரிணை தாண்டி பெனீஷியா. பதின்பருவத்தில் சிப்பித் திருடனாய் இருந்து, பிறகு மீன்வளக் காவலில் சேர்ந்த ஜாக் லண்டன் சுற்றித் திரிந்த நீர் இது. பெயர் பெற்ற பிறகும் அவரை இது விடவில்லை. மனைவி சார்மியனோடு 'ரோமர்' என்ற பாய்ப்படகில் வாரக்கணக்கில் டெல்டாவில் தங்கி, காலையில் எழுதிப் பிற்பகலில் பாய் விரித்தார். அவர் எழுதியவற்றைவிட அந்த நாள் ஒழுங்கின்மேல்தான் எனக்குப் பொறாமை.

அப்புறம் டெல்டா. எங்கள் காவிரி கடலைப் பார்த்து விசிறியாய் விரிவது. இங்கே சாக்ரமென்டோவும் சான் வாக்கீனும் உள்நாட்டிலேயே விரிந்து பின்னிவிட்டு, கடல்புறம் ஒரு குறுகிய கழுத்து வழியே வெளியேறுகின்றன. ஒரு காலத்தில் கோரை மண்டிய சதுப்பு நிலம். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கோரை செத்து மட்கிக் கறுப்பு மண்ணானது. 19-ஆம் நூற்றாண்டில் சீனத் தொழிலாளர்கள் கூலிக்குக் கரை கட்டி நிலத்தை மீட்டுக்கொடுத்தார்கள். இன்று கரைகளின் நீளம் சுமார் 1,100 மைல். கரையால் வளைத்த நிலம் ஒவ்வொன்றும் ஒரு தீவு. காய்ந்த மட்குமண் காற்றுப்பட்டு எரிந்து குறைய, தீவுகள் வருடா வருடம் தாழ்ந்தன. சில, கடல் மட்டத்துக்கு 6 மீட்டருக்கும் கீழே இருக்கின்றன.

இதைப் படித்துத் தெரிந்துகொள்வது வேறு. படகில் போய்ப் பார்ப்பது வேறு. தட்டில் ஏறி நின்ற அம்மா கரைக்கு அந்தப் பக்கம் பார்த்தார்கள். தண்ணீர் இங்கே, எங்கள் காலடியில். வயல் அங்கே, கிணற்றுக்குள் போல. டிராக்டர் ஒன்று எங்களுக்குக் கீழே ஊர்ந்துகொண்டிருந்தது. "ஆத்துக்குக் கீழ வயலா?" என்றார்கள். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "கரை ஒடஞ்சா என்னப்பா ஆவும்?"

உடைந்திருக்கிறது. 2004 ஜூனில் மழையுமில்லாமல் வெள்ளமுமில்லாமல் ஜோன்ஸ் டிராக்ட் என்ற தீவின் கரை உடைந்து, சுமார் 12,000 ஏக்கர் மூழ்கியது. ஃப்ராங்ஸ் டிராக்ட் 1938-இல் மூழ்கியது; யாரும் மீட்கவில்லை. இன்று அது ஏரி. அடுத்த நாள் அதன்மேல் பாய் விரித்தோம். கீழே ஒரு காலத்தில் உழுத நிலம். ஆழமானியில் எண் ஏறி இறங்கி ஏறியது. வறட்சி வந்தால் கடலுப்பு இந்த வழியே மேலேறும் என்பதால் 2015-இலும் 2021-இலும் பக்கத்து ஃபால்ஸ் ரிவரில் கல்லைக் கொட்டித் தற்காலிகத் தடுப்பு போட்டார்கள். கடைமடையில் பிறந்து, உப்பேறிய வயலைக் கண்ணால் பார்த்த அம்மாவுக்கு இதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. ஆகாயத்தாமரையும் விளக்காமலே தெரிந்தது. தென்னமெரிக்காவில் பிறந்த அந்தச் செடி இங்கேயும் வாய்க்காலை அடைத்துக்கொண்டு, அதே ஊதாப்பூவோடு மிதக்கிறது.

இரண்டு ஆற்றையும் இணைக்கும் த்ரீமைல் ஸ்லூவில் ஒரு தூக்குப்பாலம். மகன் ஊதுகுழலை எடுத்து ஒன்று நீளமாக, ஒன்று குட்டையாக ஊதினான். பாலத்திலிருந்து அதே ஓசை திரும்பி வந்தது. திறக்கிறோம் என்று பொருள். சாலையில் கார்கள் நின்றன. அவனுக்காக ஒரு பாலம் எழுந்தது.

இரவுக்குப் பொட்டேட்டோ ஸ்லூ. கோரைத் திட்டுகளுக்கு நடுவே அறை அறையாக ஒதுங்கியிருக்கும் நீர்ப்பரப்புகளைப் 'படுக்கையறைகள்' என்றே படகுக்காரர்கள் சொல்கிறார்கள். நங்கூரம் இந்தச் சேற்றில் நன்றாகப் பிடிக்கும், சங்கிலியும் கயிறுமாக ஆழத்தைப் போல் ஏழு மடங்கு விட்டால் போதும். நன்னீர் என்பதால் படகின் அடியில் ஒட்டிவந்த கடற்சிப்பிகள் சில நாளில் செத்து உதிரும். கோரைக்குள் காற்று ஓடும் சத்தம் ராத்திரி முழுக்க இருந்தது. வயல்வெளிக் குடிசையில் படுத்த மாதிரி இருக்கிறது என்றார்கள் அம்மா.

போவது சுலபம், காற்று முதுகில். இந்தக் கலையின் மெய்யான பாதி திரும்பி வருவதில் இருக்கிறது. காற்றுக்கு எதிரே நேராகப் போகும் பாய்மரம் உலகில் இல்லை. இடமும் வலமுமாகக் கோணலாய் வெட்டி வெட்டி ஏற வேண்டும். சுசூன் விரிகுடாவில் பிற்பகல் மேற்குக்காற்றும் வற்றும் நீரும் முட்டிக்கொண்டால், பழுப்பு நிற அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும். படகு குத்தும், நின்றுவிடும், மறுபடி குத்தும். அதற்கு மருந்து விடிகாலை. வற்றம் நம்மோடு ஓடவும் காற்று இன்னும் தூங்கவும் செய்கிற அந்தச் சில மணி நேரத்தைப் பிடித்துவிட வேண்டும்.

ரியோ விஸ்டாவுக்குக் கீழே நான்கரை மணிக்குக் கிளம்பினோம். மான்டசூமா குன்றுகளின் காற்றாலைகள் பாதி சுற்றிக்கொண்டும் பாதி நின்றுகொண்டும் இருந்தன. பெரிய பாயை ஒரு மடிப்பு முன்கூட்டியே சுருக்கி வைத்திருந்தோம். வெளிச்சம் வந்தபோது தண்ணீர் எண்ணெய் மாதிரி கிடந்தது. மகன் முன்னால் அணியத்தில் குப்புறப் படுத்திருந்தான். மேற்கே, நீரின்மேல் ஒரு கருத்த திட்டு, யாரோ துணியால் துடைத்துவிட்டதுபோல். நான் அதைப் பார்க்கவில்லை.

"காத்து வருது," என்றான். "பத்து எண்ணுங்க."

அம்மாதான் எண்ணினார்கள், சத்தமாக. மகள் தாமானை எடுத்து இரண்டு விரலில் வைத்துக்கொண்டாள். எட்டு என்னும்போது படகு சாய்ந்தது.