கண்ணகி நடந்த இரு வழிகள்

சிலப்பதிகாரம் என்றால் நம் மேடைகளில் பேசுவதற்குப் பொருள் குறைவில்லை. கண்ணகியா மாதவியா என்பார்கள். குற்றம் ஊழினதா அரசனதா என்பார்கள். தமிழர் வாழும் ஊர்தோறும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாண்டியன் அவையில் சிலம்பு உடைபடுகிறது. ஆயினும் புகாரில் புறப்பட்ட கண்ணகி மதுரைக்கு எவ்வாறு வந்து சேர்ந்தாள் என்று கேட்பார் இல்லை. கானல்வரியிலிருந்து ஒரே தாவலில் வழக்குரை காதைக்குப் போய்விடுகிறோம். இடையில் வரும் நாடுகாண் காதையும் காடுகாண் காதையும் வருணனைக்காகச் சேர்ந்தவை, கதைக்கு வேண்டாதவை என்று கற்றவர்களே சொல்லக் கேட்டிருக்கிறோம். அது சரியன்று என்பதே நம் கருத்து. அந்த வழிநடையைப் படிக்காதவர்க்கு மதுரையை எரித்த கண்ணகி பாதிதான் விளங்குவாள்.

வழியைப் பாடுவது தமிழில் பழைய கலை. பத்துப்பாட்டில் சரிபாதியான ஐந்து பாட்டு ஆற்றுப்படை. பரிசில் பெற்றவன் பெறாதவனுக்கு வழி சொல்லும் அமைப்பு அது. புரவலன் புகழைப் பாடுவதற்கு ஓர் உத்தி என்று மட்டும் அதனைக் கொள்வது குறைவுடைய பார்வை. மலைபடுகடாத்தின் 583 அடிகளில் பெருங்கௌசிகனார், நன்னனிடம் செல்லும் கூத்தர்க்கு என்னவெல்லாம் சொல்லுகிறார்! பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், பாம்பு உறையும் குழி எது, தினைப்புனம் காப்போர் யானையை விரட்ட எறியும் கவண்கல் எப்படித் தெறித்து வரும், வழுக்கும் பாறையில் எதைப் பற்றிக்கொண்டு இறங்கவேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கூறுகிறார். நன்னனை மறந்துவிட்டுப் படித்தாலும் நடப்பவனுக்கு உதவும் பாட்டு அது. தான் நடந்த வழியில் பின்னே வருபவன் இடறிவிடக் கூடாதே என்னும் கவலைதான் அதன் உயிர். திருமுருகாற்றுப்படையில் புரவலன் இடத்திற்கு முருகன் வந்ததும், அதே அமைப்பு அடியவர்க்குத் தலவழி காட்டும் நூலாகவும் ஆயிற்று.

இந்தக் கவலையை இளங்கோவடிகள் கவுந்தியடிகளின் வாயில் வைத்தார். வைகறைக்கு முன்னே வீட்டை விட்டு வெளியேறி, காவிரியின் வடகரையில் ஒரு காத தூரம் நடந்ததுமே கண்ணகிக்கு மூச்சு வாங்குகிறது. மதுரை எங்கே இருக்கிறது என்று கேட்கிறாள். கோவலன் சிரிக்கிறான். முப்பது காதம் என்று நேரே சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. ஆறையும் ஐந்தையும் பெருக்கிச் சொல்லுகிறான். கேட்பவள் காதில் ஆறோ ஐந்தோ என்று விழுந்தாலும் விழட்டும் என்று அவன் எண்ணினான் போலும். பொய்யும் சொல்லாமல் மெய்யும் சொல்லாமல் மனைவியைத் தேற்றும் அந்த ஒரு வாக்கியத்தில் கோவலன் நமக்கு மிக அண்மையில் வந்துவிடுகிறான். பிழைப்புக்காக முன்பின் அறியாத நகருக்குக் குடும்பத்தை அழைத்துச் சென்றவர் எவரும் இப்படி ஒரு கணக்குச் சொல்லியிருப்பார்.

அங்கேதான் கவுந்தியின் தவப்பள்ளி வருகிறது. பிச்சைப் பாத்திரமும் மயிற்பீலியும் எடுத்துக்கொண்டு உடன் புறப்படும் அந்தச் சமணத் துறவி, முதலில் வழியின் இடர்களை எண்ணிச் சொல்லுகிறார். சோலை வழியே போனால் வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழிகளைச் செண்பகப்பூ உதிர்ந்து மூடியிருக்கும். குழிக்கு அஞ்சிக் கீழே பார்த்து நடந்தால் தாழத் தொங்கும் பலாப்பழம் தலையில் முட்டும். மஞ்சளும் இஞ்சியும் மயங்கிக் கிடக்கும் பாத்தியில் பலாக்கொட்டை பரலாய் உறுத்தும். வயல் வழியே போனாலோ, நீர்நாய் கவ்விய வாளை மலங்கு பிறழும் வயலில் துள்ளிப் பாயும், பெண் அஞ்சுவாள். கரும்பில் கட்டிய தேனிறால் சிதைந்து பொய்கை நீரில் கலந்திருக்கும். தாகத்தில் அள்ளிக் குடித்துவிடுவாள். வாய்க்கால் கரையில் நண்டும் நத்தையும் காலடியில் நசுங்கும். அந்தத் துன்பம் தாங்க ஒண்ணாது.

இதனை மருதநில வருணனை என்று ஒதுக்குவோர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். இங்கு எந்த அழகும் அழகுக்காக வரவில்லை. செண்பகம் குழியை மூடுகிறது; பலா தலையில் முட்டுகிறது; தேன் நோன்பைக் கெடுக்கிறது. சோழநாட்டு வளம் முழுவதும் கண்ணகியின் பாதத்தை வைத்து அளக்கப்படுகிறது. நாள் ஒன்றுக்கு ஒரு காதத்துக்கு மேல் அவர்கள் நடப்பதில்லை. 1971-இல் சிட்டியும் தி. ஜானகிராமனும் எழுதிய ‘நடந்தாய் வாழி காவேரி’ இதே ஆற்றங்கரையைப் பற்றிய அருமையான நூல். தலைப்பையும் இளங்கோவிடமே பெற்றது. ஆயினும் காரில் போகிறவர் கண்ணுக்குப் பூ தெரியும், அடியில் இருக்கும் குழி தெரியாது.

நத்தைக்கு இரங்கிய இதே கவுந்தி, அரங்கத்தைக் கடந்து தென்கரை சேர்ந்தபின், கண்ணகியையும் கோவலனையும் இழித்துப் பேசிய இருவரை நரியாகச் சபித்துவிடுகிறார். இம்முரணை இளங்கோ மறைக்கவில்லை. நரிகளின் கூக்குரல் கேட்டு நடுங்கிக் கண்ணகியும் கணவனும் சேர்ந்தே மன்றாடுகின்றனர்: நெறி தவறியவர் தகாதன பேசினாலும் அதனை அறியாமை என்று கொள்ளவேண்டும், இவர்க்கு விடுதலை எப்போது? பன்னிரண்டு திங்கள் என்று சாபம் எல்லை பெறுகிறது. பிறர் இட்ட சாபத்துக்கு எல்லை கேட்டவள் இவள். ஓர் ஊரையே எரிப்பவளும் இவளே. வழிநடையைத் தள்ளிவிட்டால் இந்தத் தொலைவு நமக்குத் தெரியவே போவதில்லை.

உறையூரைத் தாண்டியதும் மாங்காட்டு மறையோன் வருகிறான். அரங்கத்தையும் வேங்கடத்தையும் காணப் புறப்பட்ட யாத்திரிகன். கொடும்பை நெடுங்குளத்தின் கரையில் வழி சூலம்போல் மூன்றாகப் பிரியும் என்கிறான். வலப்பக்கம் சிறுமலை வழி. இடப்பக்கம் திருமாலிருஞ்சோலை வழி. நடுவில் ஊரும் காடும் விரவிய வழி, அதில் மயக்கும் தெய்வம் ஒன்றும் உண்டு. இடவழியை அவன் புகழ்வது சற்று நீளம் என்றே சொல்லவேண்டும். ஐந்திர இலக்கணம் தரும் பொய்கை, பழம்பிறப்பைக் காட்டும் பொய்கை, நினைத்ததைக் கொடுக்கும் பொய்கை என்று மூன்றையும் விரிக்கிறான். கவுந்தியின் விடையோ சுருக்கம்: ஐந்திரத்தில் உள்ளதை அருகன் அறிவுரையில் காணலாம், முற்பிறப்பில் செய்தது இப்பிறப்பிலேயே தெரிகிறது, வாய்மை வழுவாதவர்க்குக் கிடைக்காதது எது? நடுவழியே போகிறார்கள். பொய்கைகளுக்காக வழி மாறாத இந்த முடிவு நமக்கு உவப்பானதே. எந்த வழி என்று கண்ணகியை ஒருவரும் கேட்கவில்லையே என்பது நம் குறை. நடப்பவள் அவள், வழியைத் தேர்பவர் பிறர். இளங்கோ இதனை அறிந்தே செய்தார் என்று நமக்குத் தோன்றுகிறது. ஏனென்றால் அவள் தானே தேர்ந்து நடக்கும் வழி ஒன்று பின்னால் வருகிறது.

அதற்குமுன் பாண்டிநாட்டில் வெயிலுக்கு அஞ்சி நிலவொளியில் நடக்கின்றனர். புணையில் ஏறி வையையைக் கடக்கின்றனர். மாதரி வீட்டில் அடைக்கலம் கிடைக்கிறது. முப்பது காதத்திலும் கைகாட்ட ஒருவரேனும் எப்போதும் இருந்தார்.

மதுரை எரிந்தபின் மேற்கு வாயிலில், கொற்றவை கோயில் முன், கைவளையை உடைத்துவிட்டுக் கண்ணகி தனியே நடக்கிறாள். கணவனோடு கிழக்கு வாயிலில் புகுந்தவள் மேற்கு வாயிலால் வறிதே போகிறாள். கணவனைக் காணும்வரை உட்காரவும் மாட்டேன், நிற்கவும் மாட்டேன் என்று சொல்லி நடக்கிறாள். இரவு பகல் தெரியவில்லை. வையையின் கரைதான் வழி. பள்ளத்தைப் பள்ளம் என்று அறியாமல் இறங்குகிறாள். மேட்டை மேடு என்று அறியாமல் ஏறுகிறாள். பதினான்கு நாள் கழிந்து நெடுவேள் குன்றத்தில் வேங்கை மரத்தடியில் நிற்கிறாள். அவ்வளவுதான், சில அடிகளில் முடிந்துவிடுகிறது. முதல் நடையில் செண்பகம் மூடிய குழிகூடச் சொல்லப்பட்டது. இரண்டாம் நடையில் ஊர் இல்லை, சோலை இல்லை, வழித்துணை இல்லை. வழியை இவ்வளவு விரிவாகப் பாடத் தெரிந்த கவிஞன் இங்கே பாடாமல் விட்டதுதான் அவளுடைய துயரத்தின் அளவு. நாடுகாண் காதையைப் படியாமல் கட்டுரை காதையைப் படிப்பவர்க்கு இந்த வெறுமை கேட்காது.

நெடுவேள் குன்றம் எது என்பதில் அறிஞர் ஒருமித்தாரில்லை. திருச்செங்கோடு என்று கொண்டவர் உண்டு. கரந்தைத் தமிழறிஞர் சி. கோவிந்தராசனார் காப்பியத்தைக் கையில் கொண்டு கண்ணகி சென்ற வழியை நடந்தே தேடி, 1963-இல் கம்பம் பள்ளத்தாக்கின் மேல், தமிழக கேரள எல்லையில் இருக்கும் மங்கலதேவி கோயிலே கண்ணகி கோட்டம் என்று கண்டு சொன்னார். ஏட்டில் விட்டுப்போன இடத்தைக் காலால் நிரப்பிய ஆராய்ச்சி அது. முடிவை ஏற்காதவரும் முறையை மதிக்கவேண்டும்.

அந்தப் பள்ளத்தாக்கை நடந்து பார்ப்பது நல்லது. 1895-இல் முல்லைப்பெரியாறு அணை முடிந்து, மேற்கே ஓடிய நீர் கிழக்கே திரும்பியபின் செழித்த மண். கம்பம், கூடலூர், சுருளிப்பட்டி பக்கங்களில் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த திராட்சைப் பந்தல்கள் காணப்படும். ஆண்டில் பல போகம் காய்க்கும் பன்னீர் திராட்சை. 2023-இல் புவிசார் குறியீடும் பெற்றது. இங்கே ஐதராபாத்தைச் சுற்றி ஒருகாலத்தில் அனாபிஷாகி திராட்சைத் தோட்டங்கள் இருந்தன. நாச்சாரத்தில் வளரும் நம் பிள்ளைகள் திராட்சையைத் தள்ளுவண்டியில்தான் பார்த்திருக்கிறார்கள். பந்தலின் கீழ் உயரமானவர் குனிந்துதான் போகவேண்டும். கவுந்தியடிகள் கண்டிருந்தால் பலாப்பழத்தோடு இதனையும் சேர்த்துச் சொல்லியிருப்பார்.

மங்கலதேவி கோயில் பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. ஆண்டில் ஒரே நாள், சித்திரை முழுநிலவன்று, இரு மாநில அதிகாரிகளும் சேர்ந்து வழி திறக்கிறார்கள். குமுளியிலிருந்து ஜீப்பில் போவோர் உண்டு. கூடலூரை அடுத்த பளியன்குடியிலிருந்து ஆறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் காட்டு வழியில் ஏறி நடப்போரும் உண்டு. மேலே இருப்பது சிதைந்த கருங்கல் கோயில். நடந்து ஏறுகிறவர்கள் முன்னே போய் நின்று, பின்னால் வருபவர்க்கு வழுக்கும் கல்லைக் காட்டிக்கொண்டே போகிறார்கள். வளையலை உடைத்துவிட்டு நடந்தவளின் கோயிலிலிருந்து, பெண்கள் வளையலும் மஞ்சள் கயிறும் பெற்றுக்கொண்டு மாலைக்குள் இறங்கிவிடவேண்டும்.