மெய்ப்பாட்டியல் நோக்கில் ‘பரியேறும் பெருமாள்’: பாத்திரத்தின் துயரும் காண்போர் உணர்வும்

ஆய்வுச் சுருக்கம்

பாத்திரம் வெளிப்படுத்தும் உணர்வே காண்போரையும் அவ்வாறே சென்றடைகிறது என்னும் கருத்து, மெய்ப்பாட்டியலைத் திரைப்படத்திற்குப் பொருத்தும் முயற்சிகளில் பெரும்பாலும் வினவப்படாமல் நிற்கிறது. இக்கட்டுரை அதனை மறுஆய்வு செய்கிறது. அழுகையைத் தன் துயரால் வருவது, பிறர் துயர் கண்டு வருவது எனப் பகுக்கும் பேராசிரியர் உரையை அடிப்படையாகக் கொண்டு, ‘பரியேறும் பெருமாள்’ (2018) திரைப்படம் பாத்திரத்தின் உணர்வுக்கும் காண்போர் உணர்வுக்கும் இடையே ஓர் இடைவெளியைப் பேணுவதையும், அவ்விடைவெளியே அப்படத்தின் அறக்கேள்வியாக அமைவதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: மெய்ப்பாடு, அழுகை, கருணை, இளிவு, வெகுளி, காண்போர், தமிழ்த் திரைப்படம்.

முன்னுரை

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளையும், ஒவ்வொன்றுக்கும் நான்காக 32 நிலைக்களன்களையும் வகுத்துரைக்கிறது. கூத்தோடு தொடர்புடைய இக்கோட்பாடு, காட்சிக்கலையான திரைப்படத்திற்கும் பொருந்துவது இயல்பே. எனினும், எட்டு மெய்ப்பாடுகளுக்கும் எட்டுக் காட்சிகளைச் சான்று காட்டுவதோடு நின்றுவிட்டால், திரையில் யார் அழுதார் என்பது மட்டுமே தெரியவரும்; அரங்கில் அமர்ந்திருப்போர் ஏன் அழுதனர், அல்லது ஏன் அழ இயலாமல் திகைத்தனர் என்பது தெரியவராது. மாரி செல்வராஜின் முதல் படமான ‘பரியேறும் பெருமாள்’ இவ்வினாவை வலுவாக எழுப்புகிறது. சாதி இழிவுக்கு ஆளாகும் சட்டக்கல்லூரி மாணவன் ஒருவனின் துயரை, அவ்விழிவை அனுபவித்தோர், அனுபவியாதோர், இழைத்தோர் ஆகிய எல்லோரும் ஒரே அரங்கில் அமர்ந்து காண்கின்றனர். அவர்கள் அனைவரும் உணர்வது ஒன்றாக இருத்தல் இயலுமா என்பதே இங்கு ஆய்வுக்குரியது.

காண்போர் குறித்த உரையாசிரியர் கருத்துகள்

இளம்பூரணர் செயிற்றியத்தை மேற்கோள் காட்டி, ஒருவன் துய்த்த உணர்வு அதனைக் காண்போரைச் சென்று சேர்தலை மெய்ப்பாட்டின் இயல்பாகக் கூறுவார். இக்கருத்தின்படி உணர்வு ஒருவரிடமிருந்து மற்றவருக்குக் கைமாறுகிறது. பேராசிரியரோ, சுவைக்கப்படும் பொருள், அதனை அறியும் பொறியுணர்வு, உள்ளத்தில் நிகழும் குறிப்பு, கண்ணீராகவும் மெய்ச்சிலிர்ப்பாகவும் வெளிப்படும் விறல் எனப் படிநிலைகளைப் பிரித்துக் காட்டுகிறார். மேலும், அழுகையைத் தானே அவலித்தல், பிறர் அவலம் கண்டு அவலித்தல் என இரண்டாக்கி, பின்னதைக் கருணை எனச் சுட்டுகிறார்.

இப்பகுப்பு திரைப்பட ஆய்வுக்கு மிக இன்றியமையாதது. காண்போர் எய்துவது பாத்திரத்தின் அழுகை அன்று. அவ்வழுகையைக் கண்டதால் பிறந்த வேறோர் உணர்வு. மெய்ப்பாட்டியலின் இறுதி நூற்பாவும், கண்ணாலும் செவியாலும் நுட்பமாக உணரவல்லோர்க்கே மெய்ப்பாடு விளங்கும் என்று காண்போரின் தகுதியை ஒரு நிபந்தனையாக வைக்கிறது. எனவே காண்போர் வெறும் கொள்கலன் அல்லர் என்பதற்கு மரபிலேயே இடமுண்டு.

உடன் அழச் செய்யும் மரபு

தமிழ்த் திரைப்படத்தின் செல்வாக்கு மிக்க உணர்வு மரபு, இவ்விரு அழுகைகளையும் இயன்றவரை நெருக்கி நிறுத்துவதாகும். ஏ. பீம்சிங் இயக்கிய ‘பாசமலர்’ (1961) இதற்குச் சிறந்த சான்று. கண்ணிழந்த அண்ணனும் தங்கையும் ஒன்றாக உயிர்துறக்கும் இறுதிக் காட்சியில் நிலைக்களன் இழவு. குறிப்பும் விறலும் சிவாஜி கணேசன், சாவித்திரி ஆகியோரின் முகத்திலும் குரலிலும் முழுமையாக வெளிப்படுகின்றன. உடன்பிறப்புப் பாசம் எவர்க்கும் பொதுவாதலின், காண்போர் தமக்கும் பாத்திரத்திற்கும் உள்ள தொலைவை மறந்து அழுகின்றனர். அழுது முடித்ததும் மனம் தணிகிறது. ‘பரியேறும் பெருமாள்’ இம்மரபை அறிந்து, அதனைத் தொடக்கத்தில் ஏற்று, பின்னர் அதிலிருந்து விலகுகிறது.

கருப்பியின் மரணம்: பொதுவான இழவு

படத்தின் தொடக்கத்தில் பரியனின் வேட்டை நாயான கருப்பி தண்டவாளத்தில் கட்டப்பட்டு ரயில் மோதி இறக்கிறது. ஊரார் கூடி அதற்கு இறுதிச் சடங்கு செய்கின்றனர்; ஒப்பாரியாகப் பாடல் ஒலிக்கிறது. இங்கு நிலைக்களன் இழவு. பரியன் அழுகிறான், காண்போரும் உடன் அழுகின்றனர். நாயின் மரணத்திற்கு அழுவதில் எச்சாதியினர்க்கும் தடையில்லை.

இவ்வுணர்வு எளிதில் கிடைப்பதே அதன் சிக்கல். நாய் கொல்லப்பட்டதன் காரணம் அதனை வளர்த்தோரின் சாதி. காண்போர் முதலில் இழவுக்காக அழுகின்றனர். அது இளிவின் விளைவு என்பதைப் பின்னரே முழுமையாக உணர்கின்றனர். நாய்க்காகச் சிந்திய கண்ணீரை, அதே காரணத்தால் துன்புறும் மனிதனுக்காகவும் சிந்த இயலுமா என்ற வினாவைப் படம் இவ்வாறு முன்கூட்டியே விதைத்துவிடுகிறது.

இளிவும் மௌனமும்

அழுகையின் நான்கு நிலைக்களன்களுள் ஒன்றான இளிவு, பிறரால் இகழப்பட்டு எளியனாதலைக் குறிக்கும். ஜோவின் வீட்டுத் திருமணத்திற்குச் செல்லும் பரியன், அறையில் அடைக்கப்பட்டு அடிக்கப்படுகிறான். அவன்மீது சிறுநீர் கழிக்கப்படுகிறது. இந்நிகழ்வை அவன் ஜோவிடம் கூறுவதில்லை. அவளது அன்பின் தூய்மையைக் காக்கவே அவன் மௌனம் காக்கிறான். காண்போர் அறிந்ததை ஜோ அறியாள். இதன்பின் அவள் சிரித்துப் பேசும் ஒவ்வொரு காட்சியிலும், அவளது உவகை காண்போரிடம் உவகையாகச் சென்று சேர்வதில்லை, வலியாகவே சேர்கிறது. திரையில் தோன்றும் மெய்ப்பாடும் அரங்கில் பிறக்கும் மெய்ப்பாடும் இங்கு நேர்மாறாகின்றன.

பரியனின் தந்தை தொடர்பான காட்சிகள் இதனை மேலும் கூர்மையாக்குகின்றன. கல்லூரி முதல்வர் பெற்றோரை அழைத்துவரச் சொல்லும்போது, பரியன் வேறொருவரைத் தந்தையென அழைத்துவருகிறான், காண்போர் நகைக்கின்றனர். பெண்வேடமிட்டு ஆடும் கலைஞரான உண்மைத் தந்தை பின்னர் வரும்போது, மாணவர் சிலர் அவரது வேட்டியை உருவி ஓட விடுகின்றனர். ஒரே நிகழ்வில் இழிவு செய்வோரிடம் எள்ளல்வழி நகையும், தந்தையிடம் இளிவுவழி அழுகையும், மகனிடம் அலைவழி வெகுளியும் தோன்றுகின்றன. காண்போர் இம்மூன்றுள் எதனை ஏற்பர்? முன்னர் தாம் நகைத்த நகைக்குப் பின்னால் ஒரு மகனின் அச்சம் இருந்ததை அவர்கள் இப்போது உணர்கின்றனர். ஆகவே அவர்களிடம் பிறக்கும் கருணையில் தம் நகை பற்றிய கூச்சமும் கலந்துவிடுகிறது. பிறர் துயர் கண்டு இரங்குவோர் அத்துயரிலிருந்து விலகி நிற்கும் வசதி இங்கு மறுக்கப்படுகிறது.

அச்சத்தின் புதிய களம்

அணங்கு, விலங்கு, கள்வர், இறை ஆகியன அச்சத்தின் நிலைக்களன்கள். கொலைகளை விபத்தாகவும் தற்கொலையாகவும் தோன்றச் செய்யும் முதியவர், தோற்றத்தில் இந்நான்கனுள் எதிலும் அடங்கார். அவர் எளிய கிராமத்துப் பெரியவராகவே காட்டப்படுகிறார்; தம் செயலைக் குலத்தொண்டாகக் கருதுகிறார். அவருடன் இயல்பாகப் பழகுவோர் அஞ்சுவதில்லை. அவரை அறிந்த காண்போர் மட்டுமே அஞ்சுகின்றனர். பாத்திரத்தின் அச்சம் காண்போர்க்குச் செல்வதன்று இது. காண்போரிடம் மட்டுமே பிறக்கும் அச்சம். அன்றாட வாழ்வில் காணும் எந்த முகத்திலும் இக்கொடுமை உறையலாம் என்ற எண்ணமே அதன் பொருள்.

தீராத வெகுளி

வெகுளியின் நிலைக்களன்களான உறுப்பறை, குடிகோள், அலை, கொலை ஆகியவற்றுள் அலையும் கொலையும் இப்படத்தில் நேரடியாகவே இடம்பெறுகின்றன. வழக்கமான நாயகப் படங்களில் இவ்வாறு திரளும் வெகுளி, நாயகனின் பழிதீர்ப்பில் தறுகண் சார்ந்த பெருமிதமாக மாறி முடிவுறும். இங்குப் பரியன் தன்னைக் கொல்ல வந்தோரை எதிர்த்து நிற்கிறான், ஆனால் பழிவாங்குவதில்லை. ஜோவின் தந்தையிடம் அவன் பேசுகிறான்; தனக்கு நேர்ந்ததை அவர் மகளிடம் சொல்லாமல் காத்ததை உணர்த்துகிறான். அவனிடம் எஞ்சுவது கல்வியையும் தன்மதிப்பையும் சார்ந்த பெருமிதம். காண்போரிடம் எஞ்சுவதோ செலவிட வழியற்ற வெகுளி.

இறுதிச் சட்டகத்தில், பால் கலந்த தேநீரும் கடுந்தேநீரும் இருந்த இரு குவளைகளும் அவற்றினிடையே ஒரு பூவும் காட்டப்படுகின்றன. தேநீர்க்கடைகளில் நிலவிய இரட்டைக் குவளை முறையை அறிந்தவர்க்கு இக்காட்சி ஒரே மேசையில் அமர்ந்ததன் நம்பிக்கையையும், நிறம் வேறாகவே நிற்பதன் உறுத்தலையும் ஒருங்கே தரும். அதனை அறியாதவர்க்கு இணக்கத்தின் அழகு மட்டுமே தோன்றக்கூடும். உணரவல்லோர்க்கே மெய்ப்பாடு விளங்கும் என்ற தொல்காப்பிய நிபந்தனை இங்குக் கலைப்பயிற்சியோடு சமூக அறிவையும் வேண்டிநிற்கிறது.

முடிவுரை

‘பரியேறும் பெருமாள்’ படத்தில் மெய்ப்பாடு பாத்திரத்திடமிருந்து காண்போர்க்கு மாறாமல் செல்வதில்லை. இழவில் இணையும் இரு தரப்பும் இளிவில் பிரிகின்றன. உவகை வலியாகவும் நகை கூச்சமாகவும் மாறுகின்றன. அச்சம் காண்போரிடம் மட்டுமே தோன்றுகிறது. வெகுளி தீராமல் எஞ்சுகிறது. பேராசிரியர் சுட்டும் கருணை என்னும் பகுப்பே இவ்வேறுபாடுகளை விளக்கப் போதிய கருவியாக அமைகிறது. ஆயினும், பிறர் அவலம் கண்டு அவலிப்போர் அவ்வவலத்தோடு எவ்வகையில் தொடர்புடையவர் என்னும் வினாவை அக்கருவியோடு சேர்த்தல் வேண்டும். திரைப்படங்களில் மெய்ப்பாடுகளை அடையாளம் காணும் ஆய்வுகள், அவை யாரிடம் தோன்றுகின்றன, யாரை எவ்வாறு மாறிச் சேர்கின்றன என்பதையும் கணக்கில் கொள்ளும்போதே, கண்ணீர் எங்கே ஆறுதலாகிறது, எங்கே பொறுப்பாகிறது என்பதைப் பிரித்தறிய இயலும்.