துணைநூற்பட்டியலில் தமிழ்ப் பெயர்கள்: நடைக்கையேடுகள் பற்றிய ஒரு மதிப்பீடு

1. முன்னுரை

ஆய்விதழுக்கு அனுப்பப்பெறும் கையெழுத்துப்படியில் இறுதியாகவும் விரைவாகவும் எழுதப்படும் பகுதி துணைநூற்பட்டியல். ஒரு கருத்து யாருடையது, எந்தப் பதிப்பில் உள்ளது, அந்நூலை எவ்வாறு கண்டறிவது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை தரவேண்டிய பகுதியும் அதுவே. தமிழாய்விலும் இன்று அமெரிக்க உளவியல் கழகம், நவீன மொழிக் கழகம் ஆகியவற்றின் நடைக்கையேடுகள் பெரிதும் பின்பற்றப்படுகின்றன. ஆங்கில நூல்களை முதன்மையாகக் கருத்திற்கொண்டு எழுந்த இவ்விதிகள் தமிழ் நூல்களுக்கு அப்படியே பொருத்தப்படும்போது நேரும் பிழைகளை ஆசிரியர் பெயர், வெளியீட்டிடம், ஆண்டு, அகரவரிசை என்னும் நான்கு நிலைகளில் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. ஆசிரியர் பெயர்

‘குடும்பப்பெயர் முதலில், தம்பெயர் அடுத்து’ என்பது மேற்கூறிய கையேடுகளின் அடிப்படை விதி. தமிழ்ப் பெயரமைப்பில் பெரும்பாலும் குடும்பப்பெயர் என்னும் உறுப்பே இல்லை. உ.வே. சாமிநாதையர் என்பதில் ‘உ’ உத்தமதானபுரம் என்னும் ஊரையும், ‘வே’ தந்தையார் வேங்கடசுப்பையரையும் குறிக்கும். தெ.பொ. மீனாட்சிசுந்தரம் என்பதில் ‘தெ’ தென்பட்டினம், ‘பொ’ பொன்னுசாமி. ஆகவே இறுதியில் நிற்கும் தம்பெயரே பதிவுக்குத் தலைச்சொல்லாதற்கு உரியது. தலைப்பெழுத்துகளை விரித்தெழுதி, தந்தை பெயரை முன்னிறுத்தினால் மகனுடைய ஆய்வு தந்தையின் பெயரில் பதிவாகிவிடும்.

பட்டப்பெயர்களால் நேரும் குழப்பம் வேறு வகையினது. ஆங்கிலப் பட்டியல்கள் சிலவற்றில் வையாபுரிப்பிள்ளையும் தாமோதரம்பிள்ளையும் ‘பிள்ளை’ என்னும் ஒரே தலைச்சொல்லின்கீழ் அடங்கிவிடுகின்றனர். தமிழின் ஒலியமைப்பு இப்பிரிப்பை ஏற்பதில்லை. வையாபுரிப்பிள்ளை என்பதில் ஒற்று மிகுந்துள்ளது. சாமிநாதையர் என்பதில் நிலைமொழி ஈறும் வருமொழி முதலும் ஒன்றுபட்டுவிட்டன. புணர்ச்சி ஏற்று ஒரு சொல்லாகிவிட்ட பெயரை வெட்டி, பின்பாதியை முன்னால் வைப்பது சொல்லிலக்கணத்திற்கே முரணானது.

இச்சிக்கல் புதியதன்று. 1892இல் சீர்காழியில் பிறந்து, 1957 முதல் பெங்களூரில் வாழ்ந்து, 1962இல் அங்கு ஆவணவியல் ஆய்வு பயிற்சி மையத்தைத் தோற்றுவித்த எஸ்.ஆர். ரங்கநாதன் இதனை நன்கு உணர்ந்திருந்தார். அவருடைய பெயரிலேயே ஊர்ப்பெயரும் (சியாழி) தந்தை பெயரும் (இராமாமிருதம்) தம்பெயரும் ஒருங்கே அமைந்துள்ளன. 1934இல் வெளிவந்த தம் பகுப்புமுறைப் பட்டியலாக்க விதிநூலிலும் அதன் பிற்பதிப்புகளிலும் அவர் இந்தியப் பெயர்களின் உறுப்புகளைத் தனித்தனியே நோக்கினார். படிப்பவரின் காலத்தைக் காத்தல் என்பது அவருடைய நூலக விதிகளுள் நான்காவது. அவ்விதியை உரைகல்லாகக் கொண்டால், குடும்பப்பெயருக்கென ஒரு கட்டத்தைக் கட்டாயமாக்கும் இன்றைய மேற்கோள் மென்பொருள்கள் தமிழ்ப் பெயர்களைப் பொறுத்தவரை பின்தங்கியே உள்ளன எனலாம்.

திருமணத்திற்குப்பின் தலைப்பெழுத்து மாறும் பெண் ஆய்வாளர்களுக்கு இழப்பு மிகுதி. ஒருவரே இருவராகப் பதிவாகிறார். முன்னைய கட்டுரைகள் பின்னையவற்றிலிருந்து துண்டிக்கப்படுகின்றன. தம்பெயரின்கீழ் பதிந்து, இரு வடிவங்களையும் ‘காண்க’ குறிப்பால் இணைத்தலே இதற்குத் தீர்வாகும்.

மொழிபெயர்ப்பாளரின் நிலையும் கருதத்தக்கது. மைசூரில் பிறந்த ஏ.கே. ராமானுஜன் குறுந்தொகைப் பாடல்களைத் தேர்ந்து மொழிபெயர்த்த ‘தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்’ (1967) என்னும் நூலை ‘ராமானுஜன் 1967’ என்று மட்டும் சுட்டினால் மூலப் புலவர் மறைகிறார். ‘குறுந்தொகை’ என்று மட்டும் சுட்டினால் மொழிபெயர்ப்பாளர் மறைகிறார். பாடல் எண்ணும் மொழிபெயர்ப்பாளர் பெயரும் சேர்ந்து வரும் மேற்கோளே இருவருக்கும் நேர்மையானது. பக்க எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும். பாடல் எண்ணோ 1915இல் வெளிவந்த சௌரிப்பெருமாள் அரங்கனார் பதிப்பைக் கொண்டவரையும் 1937இல் வெளிவந்த உ.வே.சா. பதிப்பைக் கொண்டவரையும் ஒரே இடத்திற்கு இட்டுச்செல்லும்.

3. வெளியீட்டிடம்

நவீன மொழிக் கழகம் 2016ஆம் ஆண்டுப் பதிப்பில் வெளியீட்டிடத்தைப் பெரும்பாலும் தவிர்த்தது. அமெரிக்க உளவியல் கழகம் 2019ஆம் ஆண்டுப் பதிப்பில் அதனை நீக்கியது. உலகளாவிய பெருநிறுவனங்களின் நூல்களுக்கு இது பொருந்தும். ஆசிரியரே தம் இல்ல முகவரியிலிருந்து வெளியிடும் நூல்களும், ஒரே பெயரில் பல ஊர்களில் இயங்கும் சிறு பதிப்பகங்களும் மிகுந்த தமிழ்ச்சூழலில் ஊர்ப்பெயர் இன்றியமையாதது.

ஊர்ப்பெயரை எவ்வாறு எழுதுவது என்பது அடுத்த வினா. தமிழ், கன்னடம், உருது, ஆங்கிலம் ஆகியன கலந்து வழங்கும் பெங்களூர்த் தண்டுப் பகுதியைச் சேர்ந்த பிரேசர் டவுன் இதற்குத் தக்க சான்று. மைசூரில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயரால் 1910ஆம் ஆண்டளவில் உருப்பெற்ற இக்குடியிருப்பு, 1947 வரை பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்ட குடிமை இராணுவ நிலையத்தைச் சேர்ந்திருந்தது. 1988இல் புலிகேசி நகர் எனப் பெயர் மாற்றம் பெற்றது; பழைய பெயரும் வழக்கொழியவில்லை. நகரத்தின் பெயர் 2014இல் ஆங்கிலத்திலும் ‘பெங்களூரு’ என அரசாணைப்படி மாறியது. எனவே இப்பகுதியில் வெளியான நூல் ஒன்று காலத்திற்கேற்பப் பெங்களூர்த் தண்டு, பெங்களூர், பெங்களூரு, பிரேசர் டவுன், புலிகேசி நகர் என ஐவகையாகக் குறிக்கப்படக்கூடும். நூலின் முகப்புப் பக்கத்தில் உள்ளவாறே எழுதி, இன்றைய பெயரைப் பகர அடைப்பில் தருதல் வேண்டும். பழைய பெயரை இன்றைய பெயராகத் திருத்துவது நூலின் வரலாற்றைத் திருத்துவதாகும்.

4. ஆண்டு

கால்டுவெல் ஒப்பிலக்கணத்தின் முதற்பதிப்பு 1856, இரண்டாம் பதிப்பு 1875. ஆசிரியர் 1891இல் மறைந்தபின் 1913இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பில் சில பகுதிகள் விடப்பட்டன. பின்னர் வந்த மறுஅச்சு ஒன்றின் ஆண்டை மட்டும் குறித்தால், எந்தக் கால்டுவெல்லை ஆய்வாளர் மறுக்கிறார் அல்லது உடன்படுகிறார் என்பதே விளங்காது. முதற்பதிப்பாண்டு, பயன்படுத்திய பதிப்பு, மறுஅச்சாண்டு ஆகிய மூன்றும் பதிவில் இடம்பெறுதல் வேண்டும்.

5. அகரவரிசை

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் (1924–1936) போன்ற அகராதிகளில் மெய்யெழுத்து உயிர்மெய்க்கு முன் வரும். அவ்வரிசையில் கண்ணன் முன்னும் கணபதி பின்னும் அமைவர். ஒருங்குறியின் குறியெண் வரிசையை மட்டும் பின்பற்றும் மென்பொருளில் இது தலைகீழாகும். ஜகந்நாதன் ‘ச’வுக்கும் ‘ஞ’வுக்கும் இடையே நுழைவார். ‘ஃபிரேசர்’ என ஆய்தமிட்டு எழுதினால் அப்பெயர் அகரத்திற்கும் முன்னே சென்று பட்டியலின் தலையில் நிற்கும். ‘பிரேசர்’ என எழுதினால் பகரத்தில் அமையும். ஒரே பெயர் எழுத்துப்பெயர்ப்பு வேறுபாட்டால் பட்டியலின் இரு வேறு இடங்களில் சிதறுகிறது. தமிழுக்குரிய வரிசைவிதி கணினியில் கிடைக்கிறது. அதனைத் தேர்ந்து பயன்படுத்தும் பொறுப்பு பதிப்பாசிரியருடையது.

6. முடிவுரை

பன்னாட்டுத் தரவுத்தளங்களில் இடம்பெற ஒருசீர்மை வேண்டும் என்னும் வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயின் ஒருசீர்மை என்பது ஒரே பெயரை எங்கும் ஒரே வடிவில் எழுதுவதால் வருவது. எல்லா மொழிப் பெயர்களையும் ஒரே அச்சில் வார்ப்பதால் அது வாராது. தம்பெயரைத் தலைச்சொல்லாக்குதல், புணர்ந்த பெயரைப் பிரியாமை, முகப்புப் பக்க வடிவைப் போற்றுதல், பதிப்பாண்டைத் தெளிவுறுத்தல், தமிழ் வரிசையைப் பின்பற்றுதல் ஆகிய ஐந்தையும் ஒரு பக்க அளவில் ஒவ்வோர் ஆய்விதழும் தன் கட்டுரையாளர்களுக்கு அறிவித்தல் இயலும். சொல்லின் உறுப்புகளைப் பகுத்தாராயும் மொழியியலாளர் தம் முன்னோரின் பெயர்களைப் பகுப்பதில் பிழைபடுதல் பொருந்தாது.