கில்போவா மலையும் ரிஸ்பாளின் பாறையும்

பழவேற்காட்டில் டச்சுக்காரர் கல்லறைத் தோட்டத்தின் வாயிலில், எலும்புக்கூட்டு உருவங்கள் கல்லிற் செதுக்கப்பட்டு நிற்கின்றன. 1613-இல் கெல்டிரியாக் கோட்டையைக் கட்டிக்கொண்டு, துணி வாணிபத்தாற் செல்வம் திரட்டிய அந்நியர், மரணம் எவரையும் விடாது என்பதைத் தம் இடுகாட்டு வாயிலிலேயே இப்படிப் பிரகடனம் செய்துவிட்டுப் போனார்கள். மரணம் உண்டென்பதைச் சொல்ல அந்தக் கல் போதும். செத்தவனுக்காக எப்படி அழுவது, அழும்போது பொய் சொல்லாதிருப்பது எங்ஙனம், செத்தவன் அதிகாரத்தில் இருந்தவனானால் அவனுக்கு என்ன மரியாதை என்ற கேள்விகளுக்கு அது விடை சொல்லாது. அவற்றுக்கு விடை தேடி நம் கிறிஸ்தவப் பிரசங்கிகள் காலங்காலமாக எடுத்துக்கொள்ளும் பகுதி, சாமுவேலின் இரண்டாம் புத்தகத்தின் முதல் அதிகாரம்.

அந்த அதிகாரம் தமிழுக்கு வந்த வரலாறே துக்கத்தோடு பின்னியது. தரங்கம்பாடியில் எபிரேய வேதத்தை மொழிபெயர்க்கத் தொடங்கிய சீகன்பால்கு, ரூத்தின் கதை வரையில் முடித்து 1719-இல் காலமானார். அதற்கடுத்து வருவது சாமுவேல். தாவீதின் புலம்பலைத் தமிழாக்கும் பணி, அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்த ஷூல்ட்சேயின் கையில் வந்து சேர்ந்தது.

கதை யாவரும் அறிந்தது. தன்னைக் கொல்ல ஈட்டி எறிந்து, காடு மலையெங்கும் துரத்திய சவுல் ராஜா கில்போவா மலையில் மாண்டான் என்று சிக்லாகிலிருக்கும் தாவீதுக்குச் செய்தி வருகிறது. கொண்டுவந்த அமலேக்கியன், குற்றுயிராய்க் கிடந்த ராஜாவைத் தானே முடித்ததாகச் சொல்லி, முடியையும் கடகத்தையும் நீட்டுகிறான். தாவீது வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டு, சாயங்காலம் வரை உபவாசமிருந்து அழுகிறான். அபிஷேகம் பெற்றவன்மேல் கை நீட்டியதற்காக அமலேக்கியனைக் கொல்விக்கிறான். பிறகு புலம்பல் பாடுகிறான். இதிலிருந்து பகைவனுக்காகவும் அழு, உண்மையோடிரு, அதிகாரத்துக்கு அடங்கு என்று மூன்று படிப்பினைகளை எடுத்துப் போதிப்பது நம் ஆலயங்களில் நெடுநாள் வழக்கம். அந்த வழக்கத்தையே இங்கே எடைபோட விரும்புகிறேன். ஏனெனில் மூன்று படிப்பினைகளும் ஒரே தரத்தன அல்ல.

முதற் படிப்பினை குறையற்றது. அப்பாடலில் கடவுளின் பெயரே இல்லை என்பதைக் கவனித்தவர் சிலரே. பரலோகம், ஆறுதல், தெய்வ சித்தம் என்று எதையும் சொல்லித் துக்கத்தை மூடாமல், விழுந்தவர்களை விழுந்தவர்களாகவே பார்த்து அழுகிற பாடல் அது. பாரி மாண்டபின் கபிலரும், அதியமான் மாண்டபின் அவ்வையும் பாடிய கையறுநிலையை அறிந்த நமக்கு இந்தக் குரல் அந்நியமன்று; நெய்தலுக்கு இரங்கலை உரிப்பொருளாக வகுத்த மொழி நம்முடையது. 2011 டிசம்பர் 25-ஆம் நாள், கிறிஸ்து பிறப்புப் பண்டிகையன்று, பழவேற்காட்டு ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டார்கள். மறுநாளோ சுனாமியின் ஏழாம் ஆண்டு நினைவு நாள். அத்தகைய கரையில் நின்று அவசர ஆறுதல் பேசுகிறவனைவிட, சாயங்காலம் வரை வாய்மூடி அழுத தாவீதே மேலான போதகன் என்பது என் துணிபு.

உண்மை என்ற இரண்டாம் படிப்பினையில் ஒரு சிக்கல் உண்டு. சவுலை நீதிமான் என்றோ பக்திமான் என்றோ தாவீது புகழவில்லை. வீரன் என்கிறான், இஸ்ரவேலின் பெண்களுக்குச் சிவப்பாடை உடுத்தினவன் என்கிறான். உள்ளதைச் சொல்லி நிறுத்திக்கொண்ட நேர்மை இது. ஆனால் தகப்பனும் மகனும் வாழ்வில் பிரியமாயிருந்தார்கள் என்னும்போது, சவுல் தன் மகன் யோனத்தான்மேலும் ஈட்டி ஓங்கியதை அவன் மறைத்துவிடுகிறான். யோனத்தான் தகப்பனைக் கைவிடாமல் அதே போர்க்களத்தில் மாண்டானாகையால் அந்த வாக்கை நான் முற்றும் பொய்யென்று தள்ளமாட்டேன். எனினும் சாவு வீட்டுத் தாட்சணியம் உண்மையின் ஓரத்தைத் தேய்க்கும் என்பதற்கு இதுவே சாட்சி. பிரசங்கி அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையைப் போதிக்கும் வழியாகாது.

மூன்றாவதே ஆபத்தானது. என்கேதியின் குகையில் சவுலின் சால்வைத் தொங்கலை அறுத்ததற்கே மனம் அடித்துக்கொண்ட தாவீதின் அடக்கம் மேன்மையானது. பழி வாங்க வாய்ப்பிருந்தும் கையை மடக்கிக்கொள்பவன் நாட்டில் இரத்தப் பெருக்கைத் தடுக்கிறான். ஆனால் அந்த அமலேக்கியன்? சவுல் தன் பட்டயத்தின்மேல் தானே விழுந்து மாண்டான் என்று முந்தின அதிகாரம் சொல்லுகிறது. பரிசுக்கு ஆசைப்பட்டுப் பொய் சொன்ன ஓர் அற்பன், சாட்சி எவருமின்றித் தன் வாய்மொழியாலேயே தலை இழந்தான். கொலைக் குற்றத்துக்கு இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டும் என்று விதித்ததும் அதே வேதந்தான். அதிகாரத்தின் புனிதத்தைக் காக்க ஒரு பொய்யனின் உயிர் பறிக்கப்பட்டதைத் தயக்கமின்றிப் புகழ்ந்து போதிக்கிற வழக்கம், கேட்பவரின் மனத்தில் அதிகாரமே நியாயம் என்று பதியவைத்துவிடும்.

இதன் அபாயம் ஏரிக்கரைக்காரருக்குச் சொல்லாமலே விளங்கும். காட்டூர்ப் பக்கத்திலிருந்து முகத்துவாரம் வரையுள்ள வட்டாரத்தில், கூனங்குப்பம், கோட்டைக்குப்பம், நடுவூர்மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் பாடு என்ற ஏற்பாடு தலைமுறை தலைமுறையாக நிற்கிறது. எந்த நாளில் எந்தத் துறையில் யார் வலை கட்டுவது என்று முறைவைத்து, வலியவன் எளியவனின் தண்ணீரைப் பறிக்காமல் தடுத்த ஏற்பாடு அது. ஊர் வார்த்தைக்கு மதிப்பில்லாவிட்டால் ஒரு பருவங்கூட அது நிலைக்காது. அதே ஊர் வார்த்தை தலைக்கட்டை மணமான ஆண்களைக்கொண்டே எண்ணுகிறது. மீனைக் கூடையில் சுமந்து விற்பவள், கடலில் போனவனுக்காக மார்பில் அடித்து ஒப்பாரி வைப்பவள் பெண். பங்கைத் தீர்மானிக்கும் கூட்டம் ஆணுடையது. பாடில்லாத ஊராரும், ஏரியில் கையால் இறால் தடவிப் பிழைக்கும் இருளரும் அந்த முறைக்கு வெளியே நிற்கிறார்கள். அதிகாரத்துக்கு அடங்கு என்ற ஒரே வாக்கை இங்கே போதித்தால், அது பாடு முறையின் நன்மையோடு அதன் அநியாயத்துக்கும் அரணாகிவிடும்.

வேதமோ அங்கே நிற்பதில்லை. அதே தாவீது ராஜாவான பிறகு, உரியாவின் மனைவியை அபகரித்தபோது, தீர்க்கதரிசி நாத்தான் அவன் முகத்துக்கு நேரே குற்றத்தைச் சொன்னான்; ராஜா அவனைக் கொல்லவில்லை, தலை குனிந்தான். அதைவிட மேலாக என் நெஞ்சில் நிற்பவள் ரிஸ்பாள். மூன்று வருஷப் பஞ்சம் நீங்கவென்று, தாவீது சவுலின் சந்ததியில் ஏழு பேரைக் கிபியோனியரிடம் ஒப்புக்கொடுக்க, அவர்கள் மலையிலே தூக்கிலிடப்பட்டார்கள். அவர்களில் இருவரின் தாய் ரிஸ்பாள், இரட்டுத் துணியைப் பாறையின்மேல் விரித்து, வாற்கோதுமை அறுப்புத் தொடங்கின நாள்முதல் வானத்திலிருந்து மழை பெய்யுமட்டும், பகலில் பறவைகளையும் இரவில் காட்டு மிருகங்களையும் பிணங்களை அணுகவிடாமல் காத்திருந்தாள். ராஜாவுக்கு எதிராக ஒரு வார்த்தை பேசியதாக வேதம் சொல்லவில்லை, அடங்கிப்போகவும் இல்லை. அவள் செய்தி எட்டியதும் ராஜாவே புறப்பட்டுப் போய், சவுல், யோனத்தான் எலும்புகளை யாபேசிலிருந்து எடுத்துவந்து, தூக்கிலிடப்பட்டவர்களின் எலும்புகளையும் சேர்த்து, அந்த எலும்புகளைச் சவுலின் தகப்பன் கீசின் கல்லறையில் அடக்கம் செய்வித்தான். கில்போவாவுக்காக அவன் பாடிய பாடலில் இல்லாத நிறைவு, பாடாமல் காத்திருந்த இந்தப் பெண்ணால் வந்தது என்றே கருதுகிறேன்.

துக்கம் அதிகாரத்தைத் திருத்தும் வல்லமையுடையது என்ற இந்தப் பகுதியைவிட்டு, துக்கம் அதிகாரத்தைப் புகழும் பகுதியையே திரும்பத் திரும்பப் போதித்ததுதான் நம் வழக்கத்தின் பெருங்குறை. பழவேற்காட்டில் 1515 முதல் நிற்பதாகச் சொல்லப்படும் மகிமை மாதா ஆலயம் ஒரு தாயின் பெயரைத் தாங்குகிறது. நடுவூர்மாதாகுப்பம் என்ற ஊரின் பெயரிலேயே ஒரு தாய் இருக்கிறாள். இந்தக் கரையில் தாவீதின் புலம்பலை எடுத்துப் பிரசங்கிக்கும் ஐயரவர்களையும் பங்குத் தந்தையரையும் கேட்டுக்கொள்வது ஒன்றுண்டு: அன்றைக்கே அதே புத்தகத்தின் 21-ஆம் அதிகாரத்தையும், குறிப்பாகப் பத்தாம் வசனத்தை, ஊர்க்கூட்டத்தாரும் கேட்கும்படி உரக்க வாசியுங்கள்.