பிறையும் குவிமாடமும் போதுமா?
நமது நிறுவனங்களின் இலச்சினைகள் பற்றி

நமது ஊர்களில் சங்கம் இல்லாத தெரு இல்லை. ஸகாத் நிதியம், ஜனாஸா நலன்புரிச் சங்கம், பழைய மாணவர் சங்கம், மத்ரஸா, பாலர் பாடசாலை, விளையாட்டுக் கழகம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிருவாக சபை இருக்கிறது. ஒரு ரப்பர் சீல் இருக்கிறது. ஓர் இலச்சினையும் இருக்கிறது. இவை வெளியிடும் மலர்களுக்கு நாம் விமர்சனம் எழுதுகிறோம். இலச்சினைக்கு எவரும் எழுதுவதில்லை. "அது சும்மா ஒரு படம்தானே, டிசைன் பண்ற பொடியன் பாத்துக்குவான்" எண்டு விட்டுவிடுகிறோம். ஆனால் மலரைப் புரட்டாதவரும் இலச்சினையைப் பார்க்கிறார். கூப்பனில், பற்றுச்சீட்டில், பேனரில், அழைப்பிதழில் என்று மீண்டும் மீண்டும் பார்க்கிறார். ஆகவே அதையும் ஒரு பனுவலாகக் கருதி வாசிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அப்படி வாசித்தால் முதலில் தெரிவது, எல்லாம் ஒன்றுபோல இருப்பதுதான். ஒரு வட்டம். உள்ளே பிறை, குவிமாடம், விரித்த புத்தகம், பேனா, உதயசூரியன். இடம் மிஞ்சினால் குலுக்கும் இரு கைகள். மேலே அரபு. வட்டத்தைச் சுற்றி ஆங்கிலம். தமிழ் இருந்தால் அடியில் ஒரு ரிப்பனில், தொடங்கிய ஆண்டுக்குப் பக்கத்தில், மிகச் சிறிதாக. பெயரைக் கையால் மறைத்துவிட்டுப் பாருங்கள்: இது மத்ரஸாவா, இரத்ததானம் செய்யும் கழகமா என்று சொல்ல முடியாது. "நாங்கள் முஸ்லிம்கள்" என்பதை மட்டும் அது சொல்கிறது. முஸ்லிம்களே வாழும் தெருவில் அந்தச் செய்தி யாருக்கு?

இதற்காகப் பிறையைக் குறை சொல்ல வேண்டியதில்லை. குர்ஆனோ ஹதீஸோ பிறையை நமக்குச் சின்னமாக விதிக்கவில்லை; உஸ்மானியர்களின் கொடி வழியாகவே அது உலகெங்கும் முஸ்லிம் அடையாளமாகப் பரவியது. என்றாலும் ஓர் இடத்தில் பிறை மிகச் சிறந்த இலச்சினையாக வேலை செய்கிறது. செஞ்சிலுவை முஸ்லிம் படையினரின் மனத்துக்கு ஒவ்வாதிருக்கிறது என்று கூறி, 1876இல் உஸ்மானிய அரசு தன் மருத்துவப் பணிகளுக்குச் செம்பிறையைப் பயன்படுத்தப் போவதாக அறிவித்தது. 1929ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை அதனை ஏற்றுக்கொண்டது. வெள்ளைத் துணியில் ஒரே ஒரு சிவப்பு உருவம். போர்க்களத்தில் தூர நிற்பவனுக்கும் அது சொல்வது ஒன்றுதான்: இங்கே சுடாதே. புத்தகமும் பேனாவும் அங்கே சேர்ந்திருந்தால் அந்தச் சொல் அவன் கண்ணுக்கு எட்டியிராது. ஆறு விடயங்களைச் சொல்ல முனையும் நம் வட்டங்களுக்கு இது பாடம். சீல் அளவுக்குச் சுருக்கி ஒரு தடவை போட்டோ கொப்பி எடுத்தால், அவற்றில் மிஞ்சுவது மைப்பொட்டு மட்டுமே.

உருவம் வேண்டாம் என்றால் எதை வைப்பது? பெயரை வைக்கலாம். இது நம் மரபுக்குப் புதிதல்ல. உஸ்மானிய சுல்தான்களின் துக்ராவைப் பாருங்கள். சுல்தானின் பெயர், தந்தையின் பெயர், என்றும் வெற்றி பெறுபவர் என்ற அடைமொழி ஆகியவற்றையே பின்னி எழுதியிருப்பார்கள். மேலே எழும் மூன்று கோடுகளும் இடப்புறத்து இரு நீள்வட்டங்களும் சுல்தானுக்குச் சுல்தான் தொடர்ந்தன. பெயர் மாத்திரம் மாறியது. அரச ஆணையிலும் நாணயத்திலும் அதுவே இருந்தது. இன்று நிறுவனங்கள் பெருந்தொகை கொடுத்துச் செய்துகொள்ளும் 'காட்சி அடையாளம்' என்பதும் ஏறக்குறைய இதுதான்: மாறாத ஒரு வடிவத்தை எல்லா இடத்திலும் ஒழுங்காகத் திரும்பத் திரும்பக் காட்டுவது.

நம் காலத்தில் அல்ஜஸீரா இருக்கிறது. 1996இல் கட்டாரில் தொடங்கிய அத்தொலைக்காட்சியின் இலச்சினையில் பெயரைத் தவிர வேறொன்றும் இல்லை. அரபு எழுத்துகளை வளைத்து ஒரு துளியாக்கியிருக்கிறார்கள். சுடர் என்று காண்போரும் உண்டு. 2006இல் ஆங்கில அலைவரிசை வந்தபோதும் அதை மாற்றவில்லை. அரபு தெரியாதவர்களும் அந்த வடிவைக் கண்டு பெயரைச் சொல்லுகிறார்கள். தன் மொழியின் எழுத்தை முன்னே வைத்ததால் அது உலகில் குறைந்து போகவில்லை.

அதபு சார்ந்த விடயம் ஒன்றும் இங்கே உண்டு. நம்மவர் சிலர் இலச்சினைக்குள் குர்ஆன் வசனத்தையே வைத்துவிடுகிறார்கள். நிய்யத் நல்லதுதான். ஆனால் இலச்சினை என்பது பெருகுவதற்கென்றே பிறந்தது. சாப்பாட்டுப் பார்சலிலும் தண்ணீர்ப் போத்தலிலும் ஏறி, குப்பைக்கும் போகும். 1994 உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தின்போது மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் போட்டியிட்ட நாடுகளின் கொடிகளை உணவுப் பைகளில் அச்சிட்டது. சவூதிக் கொடியில் கலிமா இருப்பதால் ஆட்சேபம் எழுந்தது, பைகள் கைவிடப்பட்டன. அந்நிய நிறுவனத்திடம் நாம் எதிர்பார்க்கும் பேணுதலை நம் சொந்தச் சங்கத்தின் கூப்பனிலும் எதிர்பார்க்க வேண்டாமா?

அரபுக்கு நாம் செய்யும் மற்றொரு அநியாயமும் இருக்கிறது. அரபுக்கு ஏற்பாடில்லாத மென்பொருளில் ஒட்டினால் எழுத்துகள் பிரிந்து, இடமிருந்து வலமாகத் தலைகீழாய் நிற்கும். அப்படி நின்ற பெயரோடு ஒரு சங்கத்தின் பேனர் பிரதான வீதியில் நாட்கணக்கில் தொங்கியதைக் கண்டிருக்கிறேன். நிருவாகிகளிடம் சொன்னபோது, "யாரு சேர் அதப் போய் வாசிக்கப் போறாங்க?" என்றார்கள். வாசிப்பதற்கு இல்லையென்றால் என்னத்துக்கு எழுதினார்கள்?

தமிழுக்கு வருகிறேன். நமது வீட்டில் பேசுவது, பாடசாலையில் படிப்பது, குத்பாவில் கேட்பது தமிழ். இலச்சினையில் மட்டும் அது கடைசி வரிசையில் நிற்கிறது. எழுத்து விடயத்தில் நம் முன்னோர் இத்தனை சோம்பலாக இருக்கவில்லை. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக அரபு எழுத்துகளில் குறிகள் சேர்த்து, அரபுத்தமிழ் என்று ஓர் எழுத்துமுறையையே ஆக்கி, அதில் மார்க்க நூல்களும் எழுதினார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிமின் நூல்களை நம் மூத்த தலைமுறை அவ்வெழுத்தில்தான் ஓதியது. இரண்டு மொழிக்கும் மரியாதை செய்த எழுத்து அது.

இன்றும் நமக்கென்று ஒரு முகம் எழுத்தில் உண்டு. ஹ, ஸ, ஜ, ஷ, ஃப. தனித்தமிழ் விரும்புவோர் கிரந்தம் என்று சிலவற்றை ஒதுக்கலாம். நம் பெயர்கள் இவையின்றி நில்லா. ஒரு தமிழ்ப் பக்கத்தைத் தூரத்தில் பிடித்தாலே, இவ்வெழுத்துகளின் நெரிசல் இது முஸ்லிம்கள் பற்றிய பக்கம் என்று காட்டிவிடும். நம் ஓவியர்கள் பிறையை வைத்துவிட்டு இந்த வளைவுகளில் கை வைக்கலாம். தூரிகையால் பெயர்ப்பலகை எழுதிய பழைய கலைஞர்கள் 'ஹ'வின் சுழியை ஆளுக்கொரு விதமாக இழுத்தார்கள். கணினி வந்த பின் எல்லாம் பாமினியாகி, அந்தக் கை இல்லாமற் போயிற்று.

"எதுக்கு வீணா அடையாளம் காட்டணும்?" என்று கேட்போரும் இப்போது நம்மிடையே உண்டு. அவர்களின் அச்சம் எனக்கு விளங்குகிறது. 2013இல் ஹலால் இலச்சினைக்கு எதிராக எழுந்த பிரசாரத்தையும், அந்த மார்ச்சில் ஜம்இய்யத்துல் உலமா உள்ளூர்ப் பொருட்களிலிருந்து அதை விலக்க உடன்பட்டதையும் கண்டவர்கள் நாம். ஒரு சிறு முத்திரையின் கனத்தை அன்று அறிந்தோம். ஆயினும் ஒளிந்துகொள்வது விடையாகாது. அயலவருக்கு விளங்காத குறிகள்தான் ஐயத்தை வளர்க்கும். நாம் யார், என்ன சேவை செய்கிறோம் என்பதைத் தமிழில் பெரிதாகவும் சிங்களத்தில் தெளிவாகவும் எழுதிய இலச்சினை எவரையும் மிரட்டாது. அதே வேளை நம்மை மறைக்கவும் செய்யாது.

அடுத்த நிருவாக சபைக் கூட்டத்தில் புதிய இலச்சினை மேசைக்கு வந்தால் மூன்று சோதனை செய்யுங்கள். கறுப்பு வெள்ளையில் சீல் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். பெயரை மறைத்து, எஞ்சியது உங்கள் சங்கத்துக்கு மட்டும் உரியதா என்று கேளுங்கள். கடைசியாக, ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்றிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். பிள்ளை தடுமாறினால், தலைவரின் கையொப்பத்துக்கு முன் அதைத் திருப்பி அனுப்பிவிடலாம்.