450-ல் ஓடிய 300: சல்லிசு ஓவர்கிளாக்கிங் பற்றி ஒரு மறுகணக்கு

குறைந்த செலவில் வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் போகிறேன் என்று யார் சொன்னாலும், பக்கத்தில் ஒருவர் கட்டாயம் சொல்வார்: "சின்ன ப்ராசசரா வாங்கி ஓவர்கிளாக் பண்ணிடு, காசு மிச்சம்." இந்த அறிவுரைக்கு வயது இருபத்தைந்துக்கு மேல். பிறந்தபோது அது நூற்றுக்கு நூறு சரி. இப்போது அதைக் கேட்டுப் பணம் போடுகிறவர்கள் பெரும்பாலும் நஷ்டப்படுகிறார்கள். இடையில் என்ன மாறியது என்று பார்ப்போம்.

1998 ஆகஸ்டில் இன்டெல் ஒரே நாளில் இரண்டு சில்லுகளை அறிவித்தது. 450 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 2-ன் மொத்த விலை 669 டாலர். செலரான் 300ஏ வெறும் 149 டாலர். செலரான் என்ற பெயருக்கு அப்போது மரியாதை கிடையாது. அதே ஏப்ரலில் வந்த முதல் செலரானில் எல்2 கேஷே வைக்கவில்லை, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் 300ஏ-யில் 128 கேபி கேஷை ப்ராசசர் சில்லுக்குள்ளேயே வைத்தார்கள். அது ப்ராசசரின் முழு வேகத்தில் ஓடும். பென்டியம் 2-ல் 512 கேபி இருந்தது, ஆனால் தனிச் சில்லுகளில், பாதி வேகத்தில். கேம் ஆடுகிறவருக்கு இந்த இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

இனிமேல்தான் விஷயம். 300ஏ-யின் மல்ட்டிப்ளையர் 4.5. அதை மாற்ற முடியாது, பூட்டி வைத்திருந்தார்கள். ஆனால் 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸை 100 ஆக்கினால்? 4.5 பெருக்கல் 100, அப்படியே 450. பொதுவாகப் பஸ்ஸை ஏற்றினால் அதோடு கட்டிவைத்த பிசிஐ, ஏஜிபி வேகமும் ஏறும். ஹார்டு டிஸ்க் தகராறு செய்யும், கிராபிக்ஸ் கார்டு மயங்கி விழும். இங்கே அந்தப் பிரச்சினையே இல்லை. 440பிஎக்ஸ் சிப்செட் 100 மெகாஹெர்ட்ஸுக்கென்றே செய்யப்பட்டது. பஸ்ஸை மூன்றால் வகுத்துப் பிசிஐக்கு 33, மூன்றில் இரண்டு பங்காக ஏஜிபிக்கு 66 கொடுத்துவிடும். 100-ல் ஓடும் ராம் போட்டுவிட்டால், அந்தப் பெட்டிக்குள் வரம்பு மீறி ஓடுவது ப்ராசசர் ஒன்று மட்டும்தான். அபிட் பிஎச்6 மாதிரி போர்டில் ஜம்பரைக்கூடத் தொட வேண்டாம், பயாஸிலேயே மாற்றிவிடலாம். அந்த வசதி இல்லாதவர்கள் ப்ராசசர் அட்டையில் பி21 என்ற பின்னின் மேல் சின்னத் துண்டு டேப் ஒட்டிக் காரியத்தை முடித்தார்கள்!

இந்தக் கதையைச் சொல்கிற எல்லோரும் ப்ராசசரைத்தான் புகழ்கிறார்கள். என்னைக் கேட்டால் கதாநாயகன் மதர்போர்டு. பிஎக்ஸ் போர்டு ஓவர்கிளாக்கருக்கென்று தனி விலை வைத்து விற்ற சரக்கு இல்லை. 669 டாலர் கொடுத்துப் பென்டியம் 2 வாங்கினவரும் அதையேதான் வாங்க வேண்டியிருந்தது. ஆக, வேகத்தைக் கூட்டுவதற்கென்று தனியாக ஆன செலவு கிட்டத்தட்ட பூஜ்யம். "காசு மிச்சம்" என்ற வாக்கியம் முழுக்க இந்தப் பூஜ்யத்தின் மேல்தான் நின்றது.

பிறகு இந்த ஆசையைக் கம்பெனியே பாக்கெட் போட்டு விற்க ஆரம்பித்தது. 2014-ல் பென்டியம் பிராண்டின் ஆண்டு விழாப் பதிப்பாக ஜி3258 வந்தது. 72 டாலர், இரண்டு கோர், 3.2 கிகாஹெர்ட்ஸ், திறந்த மல்ட்டிப்ளையர். பலர் 4.5 வரை ஓட்டினார்கள். ஆனால் இல்லாத கோரை எந்த மெகாஹெர்ட்ஸும் கொண்டுவராது. அதே வருடக் கடைசியில் வந்த ஃபார் க்ரை 4, நான்கு த்ரெட் இல்லாத ப்ராசசரில் தொடங்கவே மறுத்தது. 300ஏ ஏற்றிய பிறகு மேல்தட்டுச் சில்லுக்குச் சமமாக நின்றது. ஜி3258 எவ்வளவு ஏற்றினாலும் வேகமான இரண்டு கோராகத்தான் இருந்தது.

அடுத்த கூத்து 2017-ல். ஐ3-7350கே, 168 டாலர், இரண்டு கோர். ஓவர்கிளாக் பண்ண இசட் வரிசை போர்டு வேண்டும், கூலரைத் தனியாக வாங்க வேண்டும். 14 டாலர் சேர்த்தால் நான்கு கோர் ஐ5-7400, பெட்டியிலேயே கூலர், சாதா போர்டு போதும். இதற்குப் பெயர் பட்ஜெட்டாம்! அதே வருடம் ஏஎம்டியின் ரைசன் 5 1600 வந்தது: 219 டாலர், ஆறு கோர், கூலர் உள்ளே, நடுத்தர பி350 போர்டிலும் வேகத்தை ஏற்றலாம். பழைய வாக்கியம் கொஞ்ச நாளைக்கு மறுபடி உண்மையானது.

விலைப்பட்டியலில் வராத செலவு ஒன்று உண்டு. ப்ராசசர் தின்னும் மின்சாரம் வேகத்தோடு நேராகவும், வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஏறும். வேகம் 40 சதவீதமும் அதற்காக வோல்டேஜ் 20 சதவீதமும் கூட்டினால், 1.4 பெருக்கல் 1.44, அதாவது சூடு இரு மடங்கு. வெளிநாட்டு ரிவ்யூக்காரர் இருபது, இருபத்திரண்டு டிகிரி அறையில் உட்கார்ந்து "ஸ்டேபிள்" என்று எழுதுவார். சென்னையில் மே மாதம் ஏசி இல்லாத அறையில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஹீட்சிங்க் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாக ஆக்க அதனால் முடியாது.

இன்றைய சில்லுகளில் இன்னொன்றும் நடந்துவிட்டது. அன்று 300ஏ-க்குள் ஒளிந்து கிடந்த உபரி வேகத்தை, இன்று டர்போ என்ற பெயரில் சில்லே தானாக எடுத்துக்கொள்கிறது. நாம் சுரண்ட மிச்சம் இருப்பது சொற்பம்.

ஆகவே பாகம் வாங்குமுன் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்: ஓவர்கிளாக் போர்டுக்கும் சாதா போர்டுக்கும் உள்ள விலை வித்தியாசம், கூலர் விலை, கூடுதல் வாட்டைத் தாங்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கான கூடுதல் பணம். மூன்றையும் கூட்டி, சின்ன ப்ராசசரின் விலையோடு சேர்த்தால் அடுத்த படி ப்ராசசரின் விலையைத் தாண்டுகிறதா? தாண்டினால் பேசாமல் அந்த ப்ராசசரையே எடுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் எந்தக் கணக்கிலும் கை வைக்காதீர்கள். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மெஷின் என்றால், 16 ஜிபியை ஒரே ராமாக வாங்காமல் 8, 8 என்று இரண்டாகப் போடுங்கள். விலை ஏறக்குறைய அதேதான், மெமரிப் பாதை இரட்டிப்பாகும், கேமில் கண்ணுக்கே தெரியும்.